எங்கே சிக்கினாய் என்று எழுது

நவம்பர் பிறந்ததும் ஒரு தாவரவியலாளரின் மின்னஞ்சல் பெட்டி நிறையத் தொடங்கிவிடும். அடுத்த கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருந்து வேலை கற்க விரும்பும் இளநிலை, முதுநிலை மாணவர்கள் எழுதுகிற பருவம் அது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் (அலகாபாத்) ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும் காலமும் ஏறத்தாழ அதுதான். அந்த வழியில் வருகிறவர்கள் சிலர். நேரடியாக எழுதுகிறவர்களே அதிகம்.

அவற்றில் பெரும்பாலானவை ஒரே கடிதம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கும், அவரோ பெண். அவருடைய பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றுப் பெரிய அளவில் இருக்கும். வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தாவரங்களின் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வகை பிரித்துப் பெயர் காண்பது அவர் தொழில். ஆனால் கடிதம் மரபணுப் பொறியியலில் தணியாத ஆர்வம் என்று சொல்லும். இரண்டு மூன்று ஆண்டுகளாக இன்னொரு வகையும் வருகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்த கடிதம். பிழையில்லாத ஆங்கிலம், பணிவான நடை, ‘உங்கள் முன்னோடியான பங்களிப்புகள்’ என்ற புகழ்ச்சி. எந்தப் பங்களிப்பு என்பது மட்டும் எங்கும் இருக்காது.

ஆனாலும் அவர் எல்லாவற்றையும் படிக்கிறார். இப்படி எழுதுவது சோம்பல் என்று சொல்லிச் சிரிக்கும் சக பேராசிரியர்களோடு அவருக்கு ஒப்புதல் இல்லை. பேராசிரியரின் பிள்ளைக்கு இன்னொரு பேராசிரியருக்கு எப்படி எழுத வேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். அப்பா ஒரு தடவை படித்துப் பார்த்து இரண்டு வரியை அடித்துக் கொடுப்பார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அதைச் சொல்லித் தர ஆளில்லை. விடுப்பு விண்ணப்பம்தான் அவள் எழுதிப் பழகிய ஒரே கடிதம். அதன் சாயலிலேயே ஆய்வாளருக்கும் எழுதுகிறாள். இதைத் திறமைக் குறைவாக எண்ணி ஒதுக்குவது அநியாயம் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

அவருக்கு வந்த நல்ல கடிதங்களில் ஒன்று, ஓர் அரசுக் கலைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவி அனுப்பியது. ஏரிக்கரையில் தரையோடு படர்ந்திருந்த ஒரு செடி. இலைகள் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டில் இலையடிச் செதில் தெரிகிறது. சூலகம் கீழே இருக்கிறது. ஆகவே காப்பிக் குடும்பமான ரூபியேசி என்று எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாள். கல்லூரி நூலகத்தில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் இருந்திருக்கிறது. 1915இல் கேம்பிள் வெளியிடத் தொடங்கி, அவர் 1925இல் இறந்த பிறகு ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்த நூல். இன்றும் தமிழ்நாட்டுத் தாவரவியல் துறைகளில் அது இல்லாமல் வேலை நடக்காது. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘கீ’ உண்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்றுகள்; செடியைப் பார்த்து எது பொருந்துகிறதோ அந்த வழியே போக வேண்டும். போகப் போகப் பெயர் கிடைக்கும். சூலக அறை ஒவ்வொன்றிலும் ஒரு சூலா, பல சூல்களா என்று கேட்கிற படியில் அவள் நின்றுவிட்டாள். பூ மிகச் சிறியது. துறையில் இருந்த கைலென்ஸில் உள்ளே எதுவும் தெரியவில்லை. இரண்டு வழியாகவும் போய்ப் பார்த்ததில் ஒன்று இம்பூறல் பக்கமும் மற்றொன்று நத்தைச்சூரி பக்கமும் கொண்டுவிட்டன. எது சரி என்று எப்படித் தீர்ப்பது என்பதுதான் கேள்வி. கூடவே நான்கு படங்கள்: முழுச் செடி, இலையடி, பூ, தீக்குச்சி ஒன்றை அளவுக்கு வைத்து எடுத்த காய்.

பதில் அன்றே போனது. பூவை விட்டுவிட்டுச் சற்று முற்றிய காயை எடு, பிளேடால் குறுக்காக நறுக்கு, அறைக்கு ஒரே விதை என்றால் நத்தைச்சூரி, பொடிப்பொடியாகப் பல விதைகள் என்றால் இம்பூறல் பக்கம் போ. செடி நத்தைச்சூரிதான். தமிழ்நாட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் முளைக்கும் களை. அரிய செடியா, சாதாரணச் செடியா என்பது அங்கே பொருட்டே இல்லை. இந்தப் பெண் பார்க்கத் தெரிந்தவள், எங்கே தன் அறிவு முடிகிறது என்பதும் அவளுக்குத் தெரிகிறது என்பது அந்தக் கடிதத்தில் இருந்தது. மதிப்பெண் பட்டியல் எதிலும் அதைப் பார்க்க முடியாது. கோடையில் வரலாமா என்று அவள் கேட்டது கடைசி இரண்டு வரிகளில்தான்.

இந்தத் தாவரவியலாளரும் 1980களின் இறுதியில் ஒரு தென்மாவட்டத்துப் பெண்கள் கல்லூரியில் படித்தவர். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அருட்தந்தை மாத்யூ கொண்டுவந்த தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவர நூலின் பாகங்கள் அப்போதுதான் கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்தன. ஊர்க் கண்மாயில் பார்க்கிற செடிகளெல்லாம் அந்தக் கனத்த புத்தகங்களில் படத்தோடு இருந்ததைக் கண்ட பிரமிப்பு அவரை இந்தத் துறைக்குள் இழுத்தது. பெயர் தெரியாத ஒரு செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவே காயவைத்து, பெரிய உறையில் போட்டு, சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னோர் உறையையும் வைத்து, ஒரு மூத்த தாவரவியலாளருக்கு அனுப்பினார். முகவரியைத் தந்தவர் அவருடைய துறை ஆசிரியை. அந்தக் காலத்தில் முகவரி கிடைப்பதே பெரிய காரியம். பதிலில் செடியின் பெயரோடு கேள்விகளும் வந்தன: கிள்ளினால் பால் வருகிறதா, பூ பறித்த நேரத்தில் என்ன நிறம், எவ்வளவு உயரம். காய்ந்த மாதிரியில் நிறம் போய்விடும், உயரம் தெரியாது. களத்தில் நின்றவர் எழுதினால்தான் உண்டு. இவர் பதில் எழுத, அவர் மறுபடி எழுத, டிசம்பர் விடுமுறையில் துறைத்தலைவரின் கடிதத்தோடு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

இன்று முகவரி எல்லோருக்கும் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆய்வாளரின் மின்னஞ்சலும் அவர் எழுதிய கட்டுரைகளின் பட்டியலும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றையாவது திறந்து படித்துவிட்டு எழுதுகிறவர் அரிது.

படித்துவிட்டு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் அணுக் கட்டமைப்பு நூலைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனார். அந்த நூல் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், புதிய புள்ளியியல் முறையைக் கொண்டு தான் எழுதிய, இன்னும் அச்சேறாத கட்டுரையின் புரூஃபை அந்த இளைஞரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்து, அதே முறையை வேறொரு சிக்கலில் பொருத்தித் தானே ஒரு கட்டுரை எழுதினார். 1929 தொடக்கத்தில் அதை அனுப்பியது கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலருக்கு. வெண்குறு விண்மீன்களைப் பற்றி 1926இல் ஃபௌலர் எழுதியிருந்த கட்டுரை நூலகத்தில் அவர் கண்ணில் பட்டிருந்தது. அதே புள்ளியியலைத்தான் ஃபௌலரும் கையாண்டிருந்தார். கட்டுரை அந்த ஆண்டே ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல் சந்திரசேகர் கப்பலேறி, ஃபௌலரிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்பாமல், தான் கையில் வைத்திருக்கிற வேலையை யார் புரிந்துகொள்வார் என்று பார்த்து எழுதியதுதான் அதில் கவனிக்க வேண்டியது. பின்னாளில் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஓர் இளநிலை மாணவர் செய்யக்கூடிய காரியம்தான் அது: ஒன்றைப் படி, அதில் ஒரு சிறு வேலை செய், அதையே படித்துக்கொண்டிருக்கிற இன்னொருவருக்கு அனுப்பு.

யாருக்கு எழுதுவது என்பதில் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். எல்லோரும் பெங்களூரு, ஹைதராபாத் என்று பெயர் கேட்ட இடங்களுக்கே எழுதுகிறார்கள். திருவண்ணாமலை மாணவருக்குப் புதுச்சேரி பக்கம்தான். அங்கே 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் காடுகளின் மாதிரிகளோடு நல்ல ஹெர்பேரியம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. சென்னையில் தொடங்கி 1909இல் கோவைக்கு இடம்பெயர்ந்த பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம், லட்சக்கணக்கான மாதிரிகளோடு அங்கே பாதுகாக்கப்படுகிறது. பஸ்ஸில் போய்விட்டு மாலை வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்பது நல்லது. தங்குமிடம், செலவு, வீட்டில் அனுமதி என்ற மூன்று சிக்கல்களும் அங்கேயே பாதி குறைந்துவிடும்.

வீட்டு அனுமதியை ஆய்வாளர்கள் பலர் தங்கள் பொறுப்பாகவே நினைப்பதில்லை. இவர் நினைக்கிறார். பெண் பிள்ளைகள் வந்தால் முதல் நாள் அப்பாவோ அண்ணனோ கூட வருவார்கள். சிலர் அதைத் தொந்தரவாகப் பார்ப்பார்கள். இவர் அவர்களுக்கும் நாற்காலி போட்டு, ஹெர்பேரியத்தின் இரும்பு அலமாரிகளைத் திறந்து, நூறு ஆண்டுக்கு முந்தைய மாதிரிகளைக் காட்டுவார். அவர்கள் ஊர்ப் பக்கம் சேகரித்த தாள் ஒன்று இருந்தால் தேடி எடுப்பார். களப்பயணத்தில் வேறு பெண்கள் யார் வருகிறார்கள், இரவு எங்கே தங்கல், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதையெல்லாம் பெற்றோர் கேட்பதற்கு முன்னே எழுதிக் கொடுத்துவிடுவார். படிப்பு தெரிந்த பெண் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல்தான்.

சேர்ந்த பிறகு என்ன வேலை? கூடவே நடப்பதுதான் முதல் வேலை. ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ மூத்தவர் ஒருவர் பின்னால் நடந்தால், புத்தகத்தில் ஏறாத பழக்கங்கள் கைக்கு வரும். செடியைப் பார்த்ததும் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார். எலுமிச்சைக் குடும்பம் மூக்கிலேயே தெரிந்துவிடும். ஓர் இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பார்ப்பார். மரத்தை அண்ணாந்து பார்க்கும் முன் அடியில் விழுந்து கிடக்கும் பூவைத் தேடுவார். எதையும் பறிக்கும் முன் குறிப்பேட்டில் எண் போடுவார். அந்த எண்தான் அந்த மாதிரிக்கு வாழ்நாள் முழுக்க அடையாளம். இரவு தங்குமிடத்துக்கு வந்ததும் செடிகளை அழுத்தி வைத்த பிரஸ்ஸைப் பிரித்து ஈரத்தாள்களை எடுத்துவிட்டு உலர்ந்த செய்தித்தாள் வைக்க வேண்டும். முதல் சில நாள்கள் தவறாமல் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். நாள் முழுக்க மலையேறிய களைப்பில், சொல்லாமலே எழுந்து தாள் மாற்றுகிற மாணவர் யார் என்று அவர் பார்ப்பார். பரிந்துரைக் கடிதத்தில் அவர் எழுதுகிற முதல் செய்தியே பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிக் கூட நடந்தே பெரிய ஆளானவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் படித்தபோது சார்லஸ் டார்வின் பெரும்பாலான நாள்களில் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவோடு நடந்துகொண்டே இருந்தார். மற்ற பேராசிரியர்கள் அவரை ஹென்ஸ்லோவோடு நடக்கிறவர் என்றே அடையாளம் சொன்னார்கள். 1831 ஆகஸ்டில் பீகிள் கப்பலுக்கு ஓர் இயற்கையாளர் வேண்டும் என்ற செய்தி வந்தபோது ஹென்ஸ்லோவின் கடிதம் அந்த இளைஞருக்குப் போனதில் வியப்பில்லை. முழுமையான இயற்கையாளர் என்று ஹென்ஸ்லோ அவரைப் பரிந்துரைக்கவில்லை. சேகரிக்கவும் கவனிக்கவும் தகுதியானவர் என்று சொன்னார். கூடவே நடந்து பார்த்தவரால்தான் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்.

நடக்க வரட்டுமா என்று கேட்பதற்கும் காலம் உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஓர் இலையைக்கூட எடுக்க முடியாது. புலிகள் காப்பகம் என்றால் இன்னும் கடினம். அனுமதிக் கடிதத்தில் போகிற ஒவ்வொருவரின் பெயரும் இருக்க வேண்டும். அது கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். ‘மேடம், அடுத்த வாரம் நானும் வரலாமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கிற மாணவரிடம் அவர் மறுப்பது மனம் இல்லாமல் அல்ல. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், கல்லூரியின் போனஃபைடு சான்று கையில் இருக்கிறதா, தேர்வு எப்போது முடிகிறது என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் வேலை பாதி முடிந்தது. பத்து நாள் பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டலாம். அதில் தவறே இல்லை. ஆய்வாளர் களத்தில் இருக்கலாம், நிதியறிக்கை எழுதிக்கொண்டிருக்கலாம். முதல் கடிதத்தை மறந்திருக்கவும் கூடும்.

மருத்துவ மாணவர்களுக்கும் இதே கதைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் நடத்தும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கு, முதலில் தன் கல்லூரியிலேயே ஒரு வழிகாட்டியைக் கண்டுபிடித்து அவரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். வழிகாட்டியின் அறைக் கதவைத் தட்டத் தயங்குகிறவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்களைப் பற்றி அவருக்கு வருத்தம் உண்டு. பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றானதும், பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் சான்றிதழ் தரும் கடைகள் முளைத்துவிட்டன. வட்டிக்கு வாங்கி அங்கே பணம் கட்டிய குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். உள்ளூர்ப் பள்ளி வளாகத்து மரங்களைக் கணக்கெடுத்துப் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரியான மாதிரி செய்து வைக்கிற வேலையை ஒரு கல்லூரி ஆசிரியர் மேற்பார்வையிட்டாலே அதைவிடப் பல மடங்கு மேலான பயிற்சி கிடைக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.

எழுதுகிறவருக்குக் கடமை இருப்பதுபோல் கடிதம் வாங்குகிறவருக்கும் உண்டு என்பதில் அவர் கறாராக இருக்கிறார். இடமில்லை என்றால் இடமில்லை என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். முடிந்தால் இன்னொருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். 1910இல் ராமானுஜன் வேலை கேட்டுத் திருக்கோயிலூருக்குப் போனபோது அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர். கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த அவர், வேலை தருவதற்குப் பதில் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்களைக் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து கைமாறிக் கைமாறித்தான் துறைமுகக் கழக எழுத்தர் வேலையும், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் வந்தன. ஹார்டிக்கு முன் ராமானுஜன் எழுதிய ஆங்கிலேயக் கணிதவியலாளர்கள் சிலரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. ஹார்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். திருக்கோயிலூரில் நோட்டைப் புரட்டியவரைப் பற்றி நம் கல்லூரிகளில் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஹார்டி ஆவது எல்லோராலும் முடியாது; அறிமுகக் கடிதம் எழுதுவது எந்த ஆசிரியராலும் முடியும்.

சில ஆண்டுகளாக அவர் சிறு ஊர்க் கல்லூரிகளுக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு அரை நாள் உட்காருகிறார். சொற்பொழிவு இல்லை. காலையில் வளாகத்திலேயே ஆளுக்கு ஒரு செடி. அதை வைத்துக் கேம்பிளின் கீயில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்கச் சொல்கிறார். மதியம் அந்தச் செடியைப் பற்றி யாரோ ஓர் ஆய்வாளருக்கு எழுதுவதாக நினைத்து ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுத வேண்டும். தமிழில் எழுதலாம், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வரியில் யார், எந்தக் கல்லூரி. அடுத்து என்ன பார்த்தேன், எதுவரை போனேன், எந்தப் படியில் சிக்கினேன். கடைசியில் என்ன வேண்டும், எப்போது வர முடியும். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். ‘ஆர்வம்’ என்ற சொல் வருகிற இடத்தில் அவர் நிறுத்தி, அந்த ஆர்வத்தில் நீ செய்தது என்ன என்று கேட்பார். பதில் சொல்லத் தொடங்கியதும், அதையே எழுது என்பார். இதைப் பருவத்துக்கு ஒரு தடவை தாங்களே நடத்த முடியாதா என்று போகிற இடமெல்லாம் துறைத்தலைவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார். சில கல்லூரிகளில் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கல்லூரிகளிலிருந்து வருகிற கடிதங்களில் இப்போது படங்கள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன, கீயில் சிக்கிய படியும் இருக்கிறது.